‘என் டை எங்கம்மா?’ என்று கேட்கும் மகளுக்கு என்ன சொல்வது?

கேள்வி: நானும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். அவர் கட்டிங், நான் செக்கிங். ஆர்டர் குறைந்து, வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தாலே பெரிது என்றாகிவிட்டது. மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த மகளை ஜூனில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்க்கப் போகிறோம். ‘அந்த ஸ்கூல்ல டிசிப்ளின் நல்லா இருக்கு’ என்று அவளிடம் ஏதோ சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் பீரோவைக் குடைந்துகொண்டே, “என் டை எங்கம்மா?” என்று கேட்டாள். அதை எடுத்து ஒளித்து வைத்ததே நான்தான். சமையலறைக்குள் போய் அழுதேன். “பொட்டப்புள்ளைன்னா இப்படித்தான் பண்ணுவீங்களா?” என்று நாத்தனார் வேறு கேட்கிறார். ஃபீஸ் பாக்கி இருப்பதால் டி.சி. கொடுப்பார்களா என்றும் தெரியவில்லை. பள்ளி திறக்கும் நாள் நெருங்க நெருங்கத் தூக்கமே வருவதில்லை.
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் பாக்கி விஷயத்தை முடித்துவிடுவோம், உங்கள் தூக்கத்தில் பாதியைக் கெடுப்பது அதுவாகத்தான் இருக்கும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதமாகிறது என்று காரணம் சொல்லி அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்க முடியாது. ஃபீஸ் வசூலிக்க டி.சி.யை ஆயுதமாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் சொல்லியிருக்கிறது. பாக்கியைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை சீரானதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள். ஆனால் கடன் வேறு, பிள்ளையின் படிப்பு வேறு. கையில் இருக்கிற சான்றிதழ்களோடு புதிய பள்ளியின் தலைமை ஆசிரியரை நேரில் பாருங்கள்.

சரி, டைக்கு வருவோம். அதை எடுத்து அவளிடமே கொடுத்துவிடுங்கள். அந்த டிசிப்ளின் கதையும் இனி வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் குறைந்ததும், நீங்கள் இருவரும் ராத்திரியில் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்? உண்மையான காரணத்தை நீங்கள் மறைத்தால், அவளாகவே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்வாள். ‘நான் சரியாப் படிக்கல, அதான் மாத்திட்டாங்க’ என்று நினைக்கலாம். நாத்தனார் சொன்னது காதில் விழுந்திருந்தால், ‘நான் பொண்ணு, அதான்’ என்று நினைப்பாள். இரண்டாவது இன்னும் மோசம்.

“கண்ணு, கம்பெனியில வேலை குறைஞ்சு போச்சு. அந்த ஸ்கூல் ஃபீஸை இப்ப எங்களால கட்ட முடியல. அதுக்கும் உன் படிப்புக்கும் சம்பந்தமே இல்ல” என்று சொல்லுங்கள். அழுவாள், அழட்டும். தோழிகளைப் பிரிகிற அழுகை அது. ‘அங்கயும் ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்க’ என்று உடனே வாயை அடைக்காதீர்கள். பள்ளி திறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோழிகளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அது போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த டைக்காக அவளைவிட நீங்கள்தான் அதிகம் அழுதிருக்கிறீர்கள். ஓவர்டைம் பார்த்து வாங்கிக் கொடுத்தது, வேனில் ஏற்றிவிட்டுக் கையசைத்தது எல்லாம் உங்களுக்கு ஒரு கௌரவம். அது போகும்போது வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைக் கணவரிடம் கொட்டுங்கள், செக்கிங் டேபிளில் பக்கத்தில் நிற்கிற தோழியிடம் கொட்டுங்கள். பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கி நின்றால், அரசுப் பள்ளிக்குப் போவது ஏதோ தண்டனை என்று அவள் நம்பிவிடுவாள்.

மாற்றுவதற்கு ஆறாம் வகுப்பு நல்ல நேரம்தான். பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வருகிற பிள்ளைகளும் அவளைப் போலவே புதுசாகத்தான் இருப்பார்கள். மெட்ரிக்கிலும் சமச்சீர்ப் பாடம்தான் என்பதால் புத்தகம் மிரட்டாது. ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஏழாம் வகுப்பில் மாற்றியிருந்தால் இது கைநழுவியிருக்கும்.

அதற்காக எல்லா அரசுப் பள்ளியும் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். திறப்பதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா? கணக்குக்கு ஆசிரியர் இருக்கிறாரா, இடம் காலியாகக் கிடக்கிறதா? தயங்காமல் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. வேலை இல்லாத நாளில் அந்தக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள்.

அப்புறம், நாத்தனார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை. ‘பிள்ளை காதில் விழுகிற மாதிரி இப்படிப் பேசாதே’ என்று கூடப் பிறந்தவளிடம் உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும். பள்ளி திறப்பதற்கு முன்பே சொல்லச் சொல்லுங்கள்.