சுகர் உள்ள பூனை சாப்பிடவில்லை: இன்சுலின் போடலாமா?

கேள்வி: எங்கள் கருப்பனுக்கு 10 வயது. கருத்தடை செய்த கடுவன் பூனை, எடை 6.5 கிலோ. எட்டு மாதமாகச் சுகர். காலையிலும் இரவிலும் 2 யூனிட் கிளார்ஜின் இன்சுலின் போடுகிறோம். நன்றாகத்தான் இருந்தான். நேற்று இரவிலிருந்து சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறான். ஊசியை விடக் கூடாதே என்று நேற்று இரவு முழு அளவும் போட்டுவிட்டேன். இன்று காலை இரண்டு ஸ்பூன் ஈர உணவுக்கு மேல் இறங்கவில்லை. இப்போது ஊசி போடலாமா? எதைக் கலந்து வைத்தால் சாப்பிடுவான்?

பதில்: முதலில் சிரிஞ்சைக் கீழே வையுங்கள். இரண்டு ஸ்பூன் உணவை நம்பி முழு அளவு இன்சுலின் போடக் கூடாது. ஒரு வேளை ஊசி தவறினால் சுகர் ஏறும்; அதைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். வெறும் வயிற்றில் முழு ஊசியும் போய்விட்டால், சில மணி நேரத்துக்குள் சுகர் தரைமட்டமாக இறங்கி வலிப்பு வரை கொண்டுபோகலாம். உள்ளே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க வழியில்லை.

நேற்று இரவு போட்டதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். பயந்துபோய் இதே தவறைச் செய்தவர்கள் ஏராளம். ஆனால் கிளார்ஜின் நிதானமாக, நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து. பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்பதால் அது முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதனால் ஊசி போடுவதா வேண்டாமா என்பதற்கு முன்னால், இப்போதே சுகரைப் பாருங்கள்.

பூனைக்குக் காதோரத்தில்தான் ரத்தம் எடுப்போம். காது மடலின் விளிம்பை ஒட்டி மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று ஓடும். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் கோடு போலத் தெரியும். வெதுவெதுப்பான துணியை ஒரு நிமிடம் காதில் வைத்து, ஈரமிருந்தால் துடைத்துவிட்டு, காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சை அணைத்துப் பிடித்துக்கொண்டு குத்துங்கள். பஞ்சு இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும் உங்கள் விரலில்தான் ஏறும். கடுகளவு ரத்தம் போதும். மனிதர்களுக்கான மீட்டர்தான் வீட்டில் இருக்கிறது என்றால் அதிலேயே பாருங்கள். பூனை ரத்தத்தில் அது பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் 80-க்குக் கீழே காட்டினால், ஊசி என்ற பேச்சே வேண்டாம். சுகரை ஏற்றும் வேலையைப் பார்க்க வேண்டும். 80-க்கும் 250-க்கும் நடுவில் இருந்து, அவன் சாப்பிடவும் மறுத்தால், இந்த வேளை ஊசியை நிறுத்திவிட்டு உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள். 250-க்கு மேல், 300, 400 என்று நிற்கிறதா? 'அவ்வளவு இருக்கிறதே, போட்டுவிடலாம்' என்று கை பரபரக்கும். அங்கேயும் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். வழக்கமான சாப்பாட்டில் பாதியாவது உள்ளே போயிருந்தால் பாதி அளவு ஊசி என்பது எங்களைப் போன்ற கால்நடை மருத்துவர்கள் பலர் சொல்வது. ஒன்றுமே சாப்பிடாத பூனைக்கு அதையும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். உங்கள் டாக்டர் கருப்பனுக்கென்று வேறு எண்கள் எழுதிக் கொடுத்திருந்தால் அதுதான் செல்லும், நான் சொல்வது அல்ல.

சுகர் இறங்கினால் எப்படித் தெரியும்? சில பூனைகள் திடீரென்று அகோரப் பசியோடு கத்தும். சில, ஒரு மூலையில் உட்கார்ந்து வெறித்துப் பார்க்கும், கூப்பிட்டால் திரும்பாது. பின்னங்கால்கள் தள்ளாடும், உடம்பு நடுங்கும், கடைசியில் வலிப்பு. அப்படி எதையாவது கண்டால் மீட்டரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு டீஸ்பூன் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டுத் தொட்டு ஈறில் தேய்த்துவிடுங்கள். வாய்க்குள் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பு நேரத்தில் பல் கிட்டிக்கொள்ளும். விரலைப் பற்களுக்கு நடுவே விடாமல் உதட்டுக்கு உள்பக்கமாகவே தேயுங்கள். தேனை நீட்டினால் அவனே நக்குவான் என்று காத்திருக்க வேண்டாம். பூனைக்கு இனிப்பு தெரியாது. அந்தச் சுவையை உணர வைக்கும் மரபணு அந்த இனத்தில் வேலை செய்வதே இல்லை. தேறி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தேன் அரை மணி நேரத்தில் தீரும், இன்சுலின் அதற்குப் பிறகும் உள்ளே இருக்கும்.

சரி, ஊசியை நிறுத்தியாயிற்று. இனி இரண்டு மூன்று நாள் இப்படியே ஓட்டிவிட்டு, சாப்பிட ஆரம்பித்த பிறகு போட்டுக்கொள்ளலாமா? கூடாது. இது இன்னொரு பக்கத்துப் பள்ளம். இன்சுலினும் இல்லை, சாப்பாடும் இல்லை என்றால் உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அதிலிருந்து கீட்டோன்கள் பெருகி ரத்தம் அமிலத்தன்மை அடையும். வாந்தி, சோர்வு, நீர்ச்சத்து வற்றுதல், வேக வேகமாக மூச்சு வாங்குதல், வாயில் நெயில் பாலிஷ் ரிமூவர் போன்ற ஒரு வாடை. இந்த வாடை சிலருடைய மூக்குக்கு எட்டவே எட்டாது. எனக்கும் லேசாகத்தான் தெரியும், என் உதவியாளர் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதனால் மூக்கை நம்பாமல், சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வீட்டில் வைத்திருங்கள். மணல் தட்டிலிருந்து எழுந்திருப்பதற்குள் ஒரு நீளமான கரண்டியைக் கீழே நீட்டினால் இரண்டு சொட்டு கிடைத்துவிடும். நிறம் மாறினால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே கிளம்ப வேண்டும்.

கருப்பனுக்கு இன்சுலின் ஊசி என்பதால் இது அவனுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கடந்த சில வருடங்களாகப் பூனை சுகருக்கு வாய்வழி மருந்தும் வந்திருக்கிறது. பெக்சாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022-இலும், வெலாகிளிஃப்ளோசின் என்ற திரவ மருந்துக்கு 2023-இலும் அனுமதி கிடைத்தது. இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. அதனால் உள்ளே கீட்டோன் ஏறிக்கொண்டிருக்கும்போதும் மீட்டர் 150, 160 என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருக்கும். 'சுகர் நார்மல்தானே, ஏதோ அடம்பிடிக்கிறது' என்று இரண்டு நாள் பொறுத்துவிட்டு, நிற்கவே முடியாத பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். இந்த மருந்தில் இருக்கும் பூனை சாப்பிட மறுத்தால், மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். மீட்டர் என்ன காட்டினாலும் சரி.

கருப்பனுடைய எடையும் என்னை உறுத்துகிறது. குண்டான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைந்துகொள்ளும். காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளிக்கும். அப்புறம் குமட்டலால் அது இன்னும் சாப்பிடாது. நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் நான் அவ்வளவாக அலட்டிக்கொள்ள மாட்டேன். பூனைக்கு 24 மணி நேரம்தான் கெடு. சுகர் உள்ள பூனைக்கு அது அதற்கும் குறைவு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கருப்பனுக்கு அந்தக் கெடு இன்று இரவோடு முடிகிறது. வாந்தி இருந்தாலோ, துவண்டு கிடந்தாலோ இரவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஏன் சாப்பிடவில்லை என்பதைக் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. ஆனால் பாதித் தடயம் உங்கள் வீட்டுத் தரையில்தான் கிடக்கும். தட்டை வைத்துவிட்டு நகர்ந்து நின்று பாருங்கள். ஆசையாக ஓடி வந்து, ஒரு வாய் கவ்வி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, 'டக்' என்று கீழே போட்டுவிட்டால் வாய் வலி. பல்லையும் ஈறையும் பார்க்க வேண்டும். கிட்டே வந்து முகர்ந்து, உதட்டை நக்கி, எச்சிலை விழுங்கி, மலத்தை மூடுவதுபோலத் தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்டிவிட்டுப் போனால் அது குமட்டல். முகர்ந்த பிறகும் எந்த ஆர்வமும் காட்டாமல், மூக்கு ஒழுகித் தும்மிக்கொண்டிருந்தால் வாசனை தெரியவில்லை என்று அர்த்தம். வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. தட்டு பக்கமே வராமல் கட்டிலுக்கடியில் முதுகைக் கூன்போட்டு உட்கார்ந்திருந்தால் வயிற்று வலியாக இருக்கலாம்.

நீங்கள் சொல்லும் விதத்தில், முகர்ந்துவிட்டுத் திரும்புவது, எனக்குக் குமட்டல் பக்கம்தான் சந்தேகம். சுகர் பூனைகளில் நான் முதலில் தேடுவது கணைய அழற்சி. இன்சுலினைச் சுரக்கும் அதே கணையம்தான் வீங்கிக்கொள்கிறது. மனிதர்களைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்காது. பல பூனைகள் வாந்திகூட எடுக்காது. சாப்பிடாது, சும்மா படுத்திருக்கும், அவ்வளவுதான். இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஸ்கேனும் உதவும். அடுத்து சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கோளாறு, மலச்சிக்கல். உணவை மாற்றியது, வீட்டில் ஆள் மாறியது போன்றவையும் உண்டுதான். ஆனால் அவற்றைக் கடைசியில் யோசியுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுகர் கட்டுக்குள் வராத பூனை பேய்ப் பசியோடு தின்னும். இன்சுலின் பிடித்த பிறகு அந்தப் பசி அடங்கி, சாதாரண அளவுக்கு வரும். 'முன்னே மாதிரி சாப்பிடுவதே இல்லை' என்று கவலையோடு வருகிறவர்களிடம் எடையைப் பார்த்துவிட்டு, நல்ல செய்தி என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது வாரக்கணக்கில் மெல்ல நடப்பது. ஒரே இரவில் நிற்பது வேறு.

இன்னொன்று: அண்மையில் புது சிரிஞ்சு டப்பா பிரித்தீர்களா? கிளார்ஜின் ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் உள்ள மருந்து. யூ-40 என்று போட்ட சிரிஞ்சில் 2 கோடு இழுத்தால் உள்ளே போவது 2 யூனிட் இல்லை, 5 யூனிட். டப்பாவில் யூ-100 என்று இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சாப்பிட வைக்க என்ன கலக்கலாம் என்று கேட்டீர்கள். இன்றைக்குச் சுகர் உணவு, மாவுச்சத்து குறைந்த உணவு என்றெல்லாம் பார்க்க வேண்டாம். எது இறங்குமோ அது. ஈர உணவை உடல் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும். பெரிய கிண்ணத்தை எடுத்துவிட்டு, மீசை இடிக்காத தட்டையான தட்டில் ஒரு ஸ்பூன் மட்டும் வையுங்கள். பத்து நிமிடத்தில் தொடவில்லையென்றால் எடுத்துவிடுங்கள். குமட்டும் பூனையின் மூக்குக்கடியிலேயே உணவை வைத்திருந்தால் அந்த உணவின் மேல் நிரந்தர வெறுப்பு வந்துவிடும். வெங்காயம், பூண்டு சேர்ந்த எந்தக் குழம்பு, சூப்பும் ஆகாது, அவை பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். சிரிஞ்சால் வாயில் திணிக்காதீர்கள். வலி இருக்கிறதென்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

பசி தூண்டும் மருந்துகளும் இருக்கின்றன, டாக்டர் மூலமாக மட்டும். முதலில் குமட்டலை நிறுத்தும் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் நான் அதற்குப் போவேன். மிர்டாசபின் களிம்பைக் காது மடலின் உட்புறத்தில் தடவலாம், மாத்திரைப் போராட்டம் இல்லை. காப்ரோமோரெலின் சுகரை ஏற்றும் என்பதால் கருப்பனுக்கு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஸ்டீராய்டும் அப்படியே. உங்கள் வழக்கமான டாக்டர் இல்லாமல் வேறு இடத்துக்குப் போக நேர்ந்தால், 'இவனுக்குச் சுகர்' என்பதை வாயைத் திறந்ததும் சொல்லிவிடுங்கள்.

போகும்போது இன்சுலின் குப்பி, ஒரு சிரிஞ்சு, சுகர் எழுதும் நோட்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி மேசையில் பயந்த பூனைக்குச் சுகர் 300-ஐத் தாண்டுவது சாதாரணம். வீட்டில் எடுத்த எண் இருந்தால்தான் எது உண்மை என்று தெரியும். தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்புவதை போனில் அரை நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டால் டாக்டருக்குப் பத்துக் கேள்வி மிச்சம்.

தேறி வந்த பிறகு பழையபடி 2 யூனிட் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். இந்த மாதிரி ஒரு நோய்க்குப் பின் தேவைப்படும் அளவு குறையவும் செய்யும், கூடவும் செய்யும். டாக்டர் சொல்லும் புது அளவில் தொடங்கி, முதல் ஒரு வாரம் ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் காதைக் குத்திப் பார்த்துவிட்டே போடுங்கள்.