வன்னியில் வெளிநாட்டு நிறுவனம் முதலிடுவதென்றால் எதில் முதலிடலாம்?

ஜெர்மனியில் உணவு இறக்குமதி செய்கிற நிறுவனத்தில் வேலை, முதலாளி இலங்கையின் வடக்கே வன்னியில் முதலிட யோசிக்கிறார், எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வன்னிக் கரையில் நாச்சிக்குடாப் பக்கம், நண்டு வாங்கி அனுப்புகிற ஒரு வாடியில் எட்டு வருசம் கணக்கு எழுதினவன். எனக்குத் தெரிந்தது கடற்கரை. அதைத்தான் சொல்லுவேன்.

விடியக் காலமை படகு கரைக்கு வந்ததும் பெண்கள் வலையைச் சுற்றிக் குந்திவிடுவார்கள். கால் முறிந்தால் விலை விழும் என்பதால் ஒவ்வொரு இழையாக விலக்கித்தான் நண்டைக் கழற்றுவார்கள். பிறகு தராசு, ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி, ஐஸ், கூலர் வாகனம். அவித்து, கோதுடைத்து, சதையைத் தரம் பிரித்து டின்னில் அடைத்தால் அது பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போகிறது. காசு ஏறுவது அந்தச் சதை எடுக்கிற மேசையில்தான். வடக்கில் அப்படிச் சில தொழிற்சாலைகள் வந்துவிட்டன, ஆனாலும் எத்தனையோ கரைகளில் இன்னும் தராசோடு எங்கட பங்கு முடிந்துவிடுகிறது. உங்கட முதலாளி நண்டு வாங்க மட்டும் வரவேண்டாம். மேசையைக் கரைக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். போரில் துணையை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குகிற எத்தனை பெண்கள் இங்கே வேலைக்குக் காத்திருக்கிறார்கள்!

ஐரோப்பாவுக்கு அனுப்புவதென்றால் எந்தப் படகு, எந்தக் கரை, எந்த நாள் என்ற பதிவு முதல் நாளிலிருந்தே வேண்டும். சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைப் படகுகள் பிடித்த மீனுக்குத் தடை போட்டது. அது நீங்க 2016 ஆகிவிட்டது. 2017 மே மாதம், ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதிக்குக் கொடுக்கிற ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையும் திரும்பக் கிடைத்தது.

காணிதான் சிக்கலான இடம். 2014 இன் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவரும், பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பெனியும் பொதுவாகக் காணி வாங்க முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம். வன்னியில் நிறையப் பேரிடம் இருப்பது சொந்தப் பத்திரமுள்ள உறுதிக் காணி இல்லை, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி. அதைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்காமல் ஒரு சதமும் கைமாறக் கூடாது.

சனத்தோடு கதைப்பதும் அதே அளவு முக்கியம். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலைத் திட்டத்தோடு வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. மின்சார விலையை அரசாங்கம் திரும்பப் பேசப் போனது ஒரு பக்கம். மன்னாரில் பறவைகள் வலசை வரும் வழி, மீன்பிடி என்று சனம் கேட்ட கேள்விகள் மறுபக்கம், வழக்கும் நடந்தது.

ஆடைத் தொழிற்சாலைகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கின்றன. அதைத் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

இன்னொன்று. எங்கட கரைக்கு ஒரு கம்பெனி வந்து இரண்டு சீசன் நல்ல விலைக்கு வாங்கியது. அதை நம்பிப் பொடியங்கள் கடனுக்குப் புது வலை எடுத்தார்கள். ஒருநாள் காலமை கூலர் வரவில்லை, பிறகு வரவே இல்லை. அந்தக் கடன்களை நான்தான் கொப்பியில் எழுதினேன், சிலரின் பெயருக்கு நேரே மூன்று வருசம் வெட்டுப் போடமுடியாமல் இருந்தது. ஆகவே வருவதென்றால் கடற்றொழிலாளர் சங்கத்தோடு இருந்து, ஆகக் குறைந்த விலை எவ்வளவு, நிறுத்துவதென்றால் எத்தனை மாதம் முன்னே சொல்வீர்கள் என்பதைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வையுங்கள்.