அமெரிக்காவுல பொய் லேபிள் ஒட்டி வித்த பேடண்ட் மெடிசின் கம்பெனிகளை அரசாங்கம் எப்படி அடக்குச்சு?

அடக்குச்சுன்னு சொல்றதே கொஞ்சம் ஓவர்ங்க. முதல் 30 வருஷம் பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போறதும் சில முக்கியமான கேஸ்ல மூக்கறுபட்டு வர்றதுமாத்தான் இருந்துச்சு. ஏன்னா 1906ல போட்ட சட்டம் லேபிள்ல இருக்கற பொய்யைத்தான் புடிச்சுது, அதுலயும் எல்லாப் பொய்யையும் இல்ல.

பேடண்ட் மெடிசின்னா நம்மூர் பஸ் ஸ்டாண்டு லேகியம் மாதிரின்னு வச்சுக்கங்க, ஃபார்முலா ரகசியம், டாக்டர் சீட்டு வேணாம், தலைவலியில இருந்து கேன்சர் வரைக்கும் எல்லாத்துக்கும் மருந்து. மிஸஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப்னு ஒண்ணு, பல்லு முளைக்கற குழந்தைக்குக் குடுக்கறது, உள்ள மார்ஃபின், குழந்தை அழாதுதான், சிலது எழுந்திரிக்கவே இல்ல. பேப்பர்காரங்க என்ன பண்ணாங்கன்னா, கம்பெனி குடுக்கற விளம்பர கான்ட்ராக்ட்லயே "உங்க மாநிலத்துல எங்களுக்கு எதிரா சட்டம் வந்தா இது ரத்து"ன்னு ஒரு ஷரத்து இருக்கும், அப்புறம் எவன் வாயைத் திறப்பான்.

விவசாயத் துறையோட கெமிஸ்ட்ரி பிரிவுத் தலைவர் ஹார்வி வைலி பல வருஷம் போராடி, பத்திரிகை உலகத்துலயும் ஒண்ணு ரெண்டு பேரு துணிஞ்சு எழுதி, கடைசியா 1906ல சட்டம் வந்துச்சு. ஆல்கஹால், ஓபியம், மார்ஃபின், கோகெய்ன் மாதிரி ஐட்டம் இருந்தா எவ்ளோன்னு லேபிள்ல போடணும். கவனிங்க, போடணும்னுதான் சொல்லுச்சு, சேர்க்கக்கூடாதுன்னு சொல்லல. 1908ல முதல் பெரிய கேஸ், வாஷிங்டன்ல ராபர்ட் ஹார்ப்பர்னு ஒருத்தர் மூளைக்கு உணவுன்னு பேரு வச்சு வித்த தலைவலி மருந்து, உள்ள இருந்தது இதயத்தைப் பாதிக்கற அசெட்டனிலைட். 700 டாலர் ஃபைன், அவ்ளோதான்.

அரசாங்கத்துக்கு உண்மையான அடி 1911ல விழுந்துச்சு. கன்சாஸ் சிட்டில ஜான்சன்னு ஒருத்தர் ஒரு மருந்தை, கேன்சரைக் குணப்படுத்தும்னு லேபிள்ல போட்டு வித்தாரு, வேலை செய்யாதுன்னு தெரிஞ்சேதான் வித்தாருன்னு அரசாங்கம் கேஸ் போட்டுச்சு. சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, உள்ள என்ன இருக்குங்கறதுல பொய் சொன்னாதான் குத்தம், நோயைத் தீர்க்கும்னு சொல்றது இந்தச் சட்டத்துல வராதுன்னு. ஜனாதிபதி டாஃப்டே காங்கிரஸுக்கு எழுதி, 1912ல ஷெர்லி திருத்தம் வந்துச்சு, குணமாக்கும்னு பொய் சொன்னாலும் குத்தம்னு. ஆனா அதுலயும் ஒரு ஆப்பு, ஏமாத்தற எண்ணத்தோடதான் சொன்னாருன்னு அரசாங்கம் நிரூபிக்கணுமாம்.

எனக்கென்னவோ அந்த வரியைச் சேர்க்க வச்சவன்தான் மகா கில்லாடி. ஏன்னா அப்புறம் பான்பார்னு ஒரு சர்க்கரை வியாதி மருந்து, இன்சுலின் வந்துட்ட காலத்துல ஏதோ செடிச்சாறைக் காட்டி வித்தாங்க. கம்பெனி தரப்புல எனக்குக் குணமாயிடுச்சுன்னு எழுதின லெட்டரா எடுத்து விட்டாங்க, அரசாங்கம் அதே ஆளுங்களோட டெத் சர்ட்டிஃபிகேட்டைக் கொண்டு வந்து பக்கத்துல வச்சுச்சு. அப்படியும் தோத்துச்சு! வித்தவரு நம்பித்தான் வித்தாருன்னா முடிஞ்சு போச்சு. ஸ்நேக் ஆயில், அதாவது பாம்பு எண்ணெய்னு சொல்லி வலி மருந்து வித்த கிளார்க் ஸ்டான்லின்னு ஒருத்தர், அவரோட பாட்டிலைப் புடிச்சு டெஸ்ட் பண்ணா முக்கால்வாசிக்கு மேல மினரல் ஆயில், கொஞ்சம் மாட்டுக் கொழுப்பு, மிளகாய்க் காரம். 1916ல அவருக்கு விழுந்த ஃபைன் 20 டாலர்.

1937லதான் எல்லாம் மாறுச்சு, அதுக்கு நூறு உயிருக்கு மேல போக வேண்டியிருந்துச்சு. டென்னசில மாஸெங்கில் கம்பெனி சல்ஃபாங்கற கிருமிக்கொல்லி மருந்தை டைஎத்திலீன் கிளைகால்ங்கற விஷ கெமிக்கல்ல கரைச்சு, ராஸ்பெர்ரி வாசனை சேர்த்து, எலிக்சிர்னு பேரு போட்டு அனுப்புச்சு. ருசி, நிறம், வாசனை பார்த்தாங்க, விஷமான்னு யாரும் பார்க்கல, பார்க்கணும்னு சட்டமும் இல்ல. (அதே கெமிக்கல்தான் 2025ல காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்ல இருந்துச்சு, மத்தியப் பிரதேசத்துல குழந்தைங்க செத்தாங்க, 88 வருஷம் கழிச்சு.) அமெரிக்காவுல உணவு, மருந்தைக் கண்காணிக்கற அரசாங்க அமைப்பான எஃப்டிஏ, கிட்டத்தட்ட இருந்த மொத்த இன்ஸ்பெக்டர்களையும் இறக்கி ஊரு ஊரா தேடுச்சு. ஒரு அம்மா மருந்தை அழிச்சிட்டேன்னு சொல்லிச்சாம், இன்னும் கேட்டா ஜன்னல் வழியா சந்துல வீசினதா சொல்லிச்சு, போய்ப் பார்த்தா பாட்டில் உடையாம லேபிளோட கிடக்கு, எந்தக் குழந்தையாவது எடுத்துக் குடிச்சிருந்தா போச்சு. 240 கேலன்ல 234 கேலனை இப்படித்தான் மீட்டாங்க.

எந்தச் சட்டத்துல புடிச்சாங்கன்னு கேட்டா தலை சுத்தும். விஷம்னு இல்ல, எலிக்சிர்னா ஆல்கஹால் இருக்கணும், இதுல இல்ல, அதனால பேரு தப்பு! வெறும் சொல்யூஷன்னு போட்டிருந்தா தொட்டிருக்கவே முடியாது.

அடுத்த வருஷமே, 1938ல புதுச் சட்டம். விக்கறதுக்கு முன்னாடி புது மருந்து பாதுகாப்பானதுன்னு கம்பெனி காட்டணும், குணமாக்கும்னு லேபிள்ல பொய் போட்டா அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு நிரூபிக்கத் தேவையில்ல. ஆனா விளம்பரத்தை மட்டும் எஃப்டிஏகிட்ட குடுக்கல, அதே வருஷம் வேற ஒரு சட்டம் போட்டு வர்த்தக கமிஷன்கிட்ட குடுத்துட்டாங்க, அதனால ஒரே பொய் பாட்டில்ல ஒட்டினா ஒரு ஆபீஸ், பேப்பர்ல போட்டா இன்னொரு ஆபீஸ். டாக்டர் சீட்டு இல்லாம வாங்கற மருந்துக்கு இன்னிக்கும் அப்படித்தான்.