பவளம் வெளுத்தால் லைட்டை மாற்றாதீர்கள்

கேள்வி: பெரம்பூரில் வீட்டு ஹாலில் 3 அடி உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கல் போக சுமார் 160 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். டிசம்பரில் ஆரம்பித்தது, மார்ச் வரை ஒரு தொல்லையும் இல்லை. ஏப்ரல் பிறந்ததிலிருந்து பவளம் வெளுக்கிறது. ஒரு நீல டாங் மீனும் ஒரு கோமாளி மீனும் விடிகாலையில் செத்துக் கிடந்தன. தண்ணீர் குறையும்போது கேனில் வாங்கும் கடல் தண்ணீரை தினம் 3 லிட்டர் ஊற்றுகிறேன். உப்பளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.024 காட்டுகிறது. ‘லைட் பத்தலை, புதுசு போடுங்க. தூத்துக்குடியிலிருந்து லைவ் ராக் வருது, பத்துக் கிலோ எடுத்துக்குங்க’ என்கிறார் கடைக்காரர். லைட்டுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம், இரண்டுமே வேண்டாம்.

முதலில் லைட். மூன்று மாதம் அதே வெளிச்சத்தில் நன்றாக இருந்த பவளத்துக்கு ஏப்ரல் மாதம் வந்ததும் வெளிச்சம் போதாமல் போய்விடுமா? வெளிச்சம் குறைந்தால் பவளம் பெரும்பாலும் பழுப்பேறும். வெளுப்பது பெரும்பாலும் சூட்டினால். பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பவளத்துக்குச் சோறு போடுவதும் நிறம் கொடுப்பதும் அதுதான். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். மன்னார் வளைகுடாவிலேயே 2010-லும் 2016-லும் கோடையில் இப்படித்தான் வெளுத்தது. கடலுக்கே அந்தக் கதி என்றால், மத்தியானம் பூட்டிக் கிடக்கும் பெரம்பூர் ஹாலில் 160 லிட்டர் என்ன செய்யும்? கடிதத்தில் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், தண்ணீரின் வெப்பநிலையை மட்டும் எழுதவில்லை. ஒரு தெர்மாமீட்டர் போட்டு சாயங்காலம் நாலு மணிக்குப் பாருங்கள். 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உங்களுடையது 30-ஐத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு தவறை நீங்களே சொல்லிவிட்டீர்கள். தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் தண்ணீர். உப்பு எங்கேயும் போவதில்லை, உள்ளேயே கிடக்கிறது. அதன்மேல் கடல் தண்ணீரை ஊற்றினால் லிட்டருக்கு 35 கிராம் வீதம் புது உப்பும் சேர்ந்துகொண்டே போகும். தினம் 3 லிட்டர் என்றால் 105 கிராம். பத்து நாளில் ஒரு கிலோவுக்கு மேல். 35-ல் இருக்க வேண்டிய உப்பு 41-ஐத் தொட்டுவிடும். ரசம் சுண்டிவிட்டால் மேலும் கொஞ்சம் ரசத்தையா ஊற்றுவோம்? குறையும் தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

‘மீட்டர் 1.024 காட்டுகிறதே, கிட்டத்தட்ட சரியான அளவுதானே’ என்பீர்கள். ஊசி ஆடும் அந்த பிளாஸ்டிக் பெட்டிதானே? ஊசியில் உப்பு படிந்தால் கனமாகி, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். காற்றுக் குமிழி ஒட்டினால் கூடுதலாகக் காட்டும். தண்ணீர் சூடாக இருந்தாலும் குறைவாகக் காட்டும். ஒளியை வைத்து உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி, 35 அளவுள்ள திரவத்தில் சரிபார்த்துவிட்டு அளந்து பாருங்கள். உண்மையிலேயே 41 இருந்தால் பதறி ஒரே நாளில் இறக்கக் கூடாது. 4 லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு 4 லிட்டர் நல்ல தண்ணீர் விட்டால் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். நாளொன்றுக்கு அது போதும்.

மீன் விடிகாலையில் சாவதற்கும் இதே காரணம் இருக்கலாம். சூடும் உப்பும் ஏறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும். இரவில் லைட் இல்லாததால் பாசியும் ஆக்சிஜன் தராது. விடியும் நேரத்தில் இருப்பதிலேயே மோசமான நிலை. நடுவே அரை மணி நேரம் கரண்ட் போனால் கதை முடிந்தது. தண்ணீரை அசைத்துக்கொண்டிருக்கும் வேவ்மேக்கரை மட்டுமாவது இன்வெர்ட்டரில் போட்டுவிடுங்கள்.

சூட்டைக் குறைக்க மேல் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகக் காற்று அடிக்கும்படி இரண்டு சின்ன ஃபேன் வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். புழுக்கமான நாளில் அவ்வளவு இறங்காது, அன்று ஏ.சி. போடத்தான் வேண்டும். ஃபேன் போட்டதும் தண்ணீர் இன்னும் வேகமாகக் குறையும், பயப்பட வேண்டாம். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் நல்லதுதான், ஆனால் இந்த அளவுத் தொட்டிக்கு அதன் விலை தொட்டி விலையையே தாண்டிவிடும்.

நல்ல தண்ணீர் என்றால் ஆர்.ஓ. தண்ணீர். ஆனால் சமையலறையில் இருக்கும் மெஷினை முதலில் நன்றாகப் பாருங்கள். ‘காப்பர்’ என்று பெருமையாக எழுதியிருந்தால் அந்தத் தண்ணீர் தொட்டிப் பக்கமே போகக் கூடாது. நமக்கு அது விளம்பரம், இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் கடையில் கொடுக்கும் மருந்துகள் பலவற்றிலும் செம்புதான். அதைப் பவளம் இருக்கும் தொட்டியில் ஊற்றச் சொல்கிறவர் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

கேன் கடல் தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கரையில் பிடித்தது என்று கேட்டிருக்கிறீர்களா? கூவமும் அடையாறும் எந்தக் கடலில் விழுகின்றன? வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு கரையோரத் தண்ணீரில் உப்பும் குறைந்திருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில், தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புப் பொடியைக் கலந்துகொள்ளுங்கள். செலவு கூடும், தூக்கம் வரும்.

இப்போது அந்தப் பத்துக் கிலோ லைவ் ராக். கடலில் எடுத்த, உயிர்கள் ஒட்டியிருக்கும் பவளக் கல்தான் அது. உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருவது இதுதான். பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே பட்டியல். மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை, ஏழு வரை போகலாம். கடல் குதிரைக்கும் இதே சட்டம்தான். ‘சார், அது செத்த கல்லு’ என்பார் இடைத்தரகர். செத்த பவளமும் பவளம்தான். புலி செத்துவிட்டால் தோலை வைத்துக்கொள்ளலாம் என்றா சட்டம் சொல்கிறது? உங்கள் கையில் இருந்தால், அது சட்டப்படி வந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கொண்டுவந்தவர் அதற்குள் போன் எண்ணை மாற்றியிருப்பார்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை வைத்துத்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. சோவாந்திட், காளான் பவளம் போன்றவை கல் எலும்பு கட்டுவதில்லை, அந்தப் பட்டியலில் பெயரும் இல்லை. நண்பர் தொட்டியில் வளர்ந்ததை வெட்டி ஒரு துண்டு கொடுத்தால் வாங்கலாமா? அது காளான் பவளம்தானா என்று முதலில் தெரிய வேண்டும். ஒட்டியிருக்கும் கல் என்ன கல் என்றும் பார்க்க வேண்டும். எலும்பு கட்டாத அந்தப் பவளம் பவளக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தால் விதிவிலக்கு அந்தக் கல்லுக்குச் செல்லாது. தாய்ப் பவளம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி எடுத்தது என்றால், பட்டியலில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, குற்றம் குற்றம்தான். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் இறக்குமதிக் காகிதத்தின் நகல் வேண்டும். ‘எல்லாம் இருக்கு சார், ஆபீஸ்ல இருக்கு’ என்பது காகிதம் ஆகாது.

சரி, எது செல்லும் எது செல்லாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்றால், நானும் போயிருக்கிறேன். ஒரு அலுவலகம் ‘மீன் தொட்டியா, அது எங்களுக்கு வராது’ என்றது. அடுத்த அலுவலகம் ‘பவளமா, அது அவர்களிடம் கேளுங்கள்’ என்றது. மீன் கடைகளுக்கென்று 2017-ல் விதிகள் வந்தன, வந்த சுருக்கிலேயே திரும்பப் போயின. ஒழுங்காக நடத்த நினைப்பவனுக்கு வாசல் தெரியாது. சந்து தெரிந்தவன் கொழிக்கிறான்.

கல் வேண்டுமென்றால் காய்ந்த செராமிக் கல் வாங்கி, புது பாக்டீரியா பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் விடுங்கள். மீன் வேண்டுமென்றால் பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீனாகக் கேளுங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதை வளர்க்கும் முறையை எப்போதோ செய்து காட்டிவிட்டது. நீல டாங் மறுபடி வேண்டாம். அது ஒரு அடி வளரும் மீன், 3 அடித் தொட்டியில் அது எங்கே நீந்தும்? சூடும் உப்பும் சரியாகி ஒரு மாதம் ஆகும்வரை எதையுமே வாங்காதீர்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். தர மாட்டார். அந்தத் தொகைக்கு ரிஃப்ராக்டோமீட்டரும் ஒரு உப்பு வாளியும் இரண்டு ஃபேனும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பில்லோடு.