கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அடுத்த மாதம் களப்புப் பக்கம் கண்டல் காடு பார்க்க வெளிக்கள ஆய்வுக்குக் கூட்டிப் போகிறார்களாம். ‘ஏதும் நடந்தால் நாங்கள் பொறுப்பில்லை’ என்று ஒரு படிவம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: போட்டாலும் போடாவிட்டாலும் அந்தக் கடதாசி பிள்ளையைக் காப்பாற்றாது அம்மா. நீங்கள் கேட்க வேண்டியது வேறொன்று, இடர் மதிப்பீடு என்பார்கள். போகிற இடத்தில் என்னென்ன ஆபத்து, அது யாருக்கு, அதைக் குறைக்க யார் என்ன செய்யப் போகிறார் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். இருக்கிறதா, காட்டுங்கள் என்று தாராளமாகக் கேளுங்கள்.

காட்டினால் முதலில் திகதியைப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கும்போது நம்முடைய கடலும் களப்பும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் பயணத் திகதி பரீட்சை அட்டவணையைப் பார்த்துத்தான் குறிக்கப்படுகிறது. காலையில் வானம் கறுத்தால் ‘இன்று போகவில்லை’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? அந்த ஆளின் பெயர் அதில் இருக்க வேண்டும். பஸ்ஸுக்குக் காசு கட்டியாயிற்று, பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள் என்று அந்த நேரத்தில் தீர்மானிக்க வெளிக்கிட்டால் எல்லாரும் ‘சரி, போவோம்’ என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம், தண்ணீரில் இறங்குகிறார்களா, கரையில் நின்று பார்க்கிறார்களா? இறங்குவதென்றால் செருப்புப் போதாது, கண்டலின் மூச்சுவேர் ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும், சேற்றில் செருப்புக் கழன்றும் போகும். மணலும் சேறுமான இடத்தில் திருக்கை படுத்திருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசி உரசி நடந்தால் அது விலகிப் போய்விடும். முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அப்படியென்றால் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றும் பெரிய வாளி ஒன்றும் கூடவே போக வேண்டும். முதலை இருக்கிறதா என்பது புத்தகத்தில் கிடைக்காது. முதல் நாளே ஒருவர் போய், கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஐயாவிடம் கேட்டுவிட்டு வர வேண்டும்.

படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கியைப் போட்டிருக்க வேண்டும், பலர் அதை இருக்கையாக்கி அதன் மேல் உட்கார்ந்திருப்பார்கள்! யாருக்கு நீந்தத் தெரியாது, யாருக்கு இழுப்பு இருக்கிறது என்ற விவரமும் வேண்டும். அந்த இடத்தில் போனில் சிக்னல் வருமா, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் எந்தச் சந்தி வரைக்கும் வரும், ஒரு பிள்ளையோடு ஆசிரியர் ஆஸ்பத்திரிக்குப் போனால் மற்றப் பிள்ளைகளோடு யார் நிற்பார்? இதற்கெல்லாம் பதில் எழுதியிருந்தால் பிள்ளையை அனுப்புங்கள். காட்டுக்குள் மாதிரி எடுக்கப் போகும் குழுவென்றால் இன்னொன்றும் உண்டு: மிதிவெடி அகற்றியது உறுதியில்லாத பக்கம் பாதையை விட்டு ஓரடிகூட இறங்கக் கூடாது.

கேள்வி: நான் இரசாயன ஆய்வுகூடத்தில் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு செய்முறைக்கும் இடர் மதிப்பீடு எழுத, நிகழ்தகவுக்கு 5க்கு எத்தனை, பாதிப்புக்கு 5க்கு எத்தனை என்று புள்ளி போட்டு இரண்டையும் பெருக்கச் சொல்கிறார்கள். போன வருடத்து ஃபைலையே பிரதி எடுத்தால் என்ன?
– வாசகர், நிலாவெளி

பதில்: போன வருடம் இருந்த புகையுறிஞ்சி இந்த வருடமும் வேலை செய்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டுப் பிரதி எடுங்கள்! புள்ளியிலும் ஒரு பொறி இருக்கிறது. கண்ணாடித் துண்டு விரலைக் கீறுவது அடிக்கடி நடக்கும், பாதிப்புச் சின்னது: 5 தர 1, ஐந்து. களப்பில் ஒரு பிள்ளை மூழ்குவது அரிது, ஆனால் போனது உயிர்: 1 தர 5, அதுவும் ஐந்து. இரண்டும் ஒன்றா? பெருக்குவதற்கு முன் பாதிப்பு 5 என்று விழுந்தவற்றைத் தனியே எடுத்து வையுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்தது, ‘கையுறை அணிக’ என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். 1996இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கரென் வெட்டர்ஹான் என்ற பேராசிரியையின் கையுறை மேல் டைமெதில் மெர்க்குரி என்ற நச்சுப் பாதரசச் சேர்வை சில துளி சிந்தியது. அன்றைக்குச் சொல்லப்பட்ட பாதுகாப்பு முறைப்படிதான் வேலை செய்தார், ஆனால் லேடெக்ஸ் கையுறையை அந்தத் திரவம் சில வினாடிகளிலேயே ஊடுருவிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. மறு வருடம் ஜூன் மாதம் இறந்துபோனார். அதனால் கையுறை, கண்ணாடியெல்லாம் கடைசி வரிசை. அந்த இரசாயனம் வேண்டவே வேண்டாமா, வேறொன்று போதுமா என்றுதான் தொடங்க வேண்டும். முதலாம் வருடப் பிள்ளைகளுக்குச் செறிந்த சல்பூரிக்கமிலம் எதற்கு? ஐதாக்கிய கரைசலை முன்கூட்டியே நீங்கள் செய்து கொடுக்கலாம், அமிலத்தைத் தண்ணீருக்குள் விட வேண்டுமா, தண்ணீரை அமிலத்துக்குள்ளா என்ற தடுமாற்றமே அவர்களுக்கு வராது. (அமிலத்தைத்தான், கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கிக்கொண்டே. மாற்றி விட்டால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.)

கேள்வி: பன்சன் சுடரடுப்புக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது ஃபர்தாவையும் துப்பட்டாவையும் கழற்றச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.
– மாணவி, கிண்ணியா

பதில்: கழற்றத் தேவையில்லை. தலைத்துணியின் நுனி தொங்காமல் கோட்டுக்குள் சொருகிப் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள், பருத்தித் துணியாகப் பாருங்கள். நைலோன், பொலியஸ்டர் தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிவிடும். கை அகலமென்றால் முழங்கை வரை மடித்து ஊசி குத்துங்கள். பாதம் மூடிய சப்பாத்து கட்டாயம்.