மாதிரிப் போர்விமானத்துக்குப் பக்கத்தில் நாய் எதற்கு?

"அளவுமாதிரிப் போர்விமானங்கள் கட்டத் தொடங்கியிருக்கிறேன். பக்கத்தில் நிறுத்த ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்த விமானிகள், நாய்கள், சிங்கக்குட்டிகள்கூட விற்கிறார்கள். விலையோ விமானப் பாகங்கள் அடங்கிய கிட் விலையில் பாதி. வாங்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விமானத்துக்கு வேண்டாம். அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு வேண்டும்.

நான் வேலூரில் பல் செட் செய்யும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் மெழுகு, அச்சு, வார்ப்பு, இரவில் விமானம். வீட்டு அலமாரியில் பதினோரு விமானங்கள் நிற்கின்றன. முதல் ஒன்பதை யாரும் நின்று பார்த்ததில்லை. "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தேடுவார்கள். பத்தாவது, சிவப்பு ஃபோக்கர், மூன்றடுக்கு இறக்கை. அதன் சக்கரத்தருகே ஒரு நாயை நிறுத்தினேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த நாய்க்கு ஏன் சார் ஒரு காது குட்டையாக இருக்கிறது?" என்று கேட்டான். சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டான்.

அந்த நாயின் பெயர் மோரிட்ஸ். முதல் உலகப் போரின் ஜெர்மன் விமானி மான்ஃபிரெட் வான் ரிக்தோஃபன் வளர்த்த கிரேட் டேன். பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் நகரில் ஐந்து மார்க் கொடுத்து வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். விமானம் புறப்படும்போது கூடவே ஓடுவது அதன் வழக்கம். ஒருநாள் சுழலும் விசிறியில் மாட்டி ஒரு காதை இழந்தது. நல்ல விசிறி ஒன்றும் வீணாயிற்று. அந்த இனத்து நாய்களின் காதை வெட்டிவிடுவது அக்கால வழக்கம். நான் செய்யாமல் விட்ட வேலை இப்படி முடிந்தது என்கிற தோரணையில் மனிதர் அதை எழுதுகிறார். 1918 ஏப்ரல் 21 அன்று அவர் இறந்தார். நாய் அவருக்குப் பிறகும் இருந்தது. கடையில் வாங்கிய ரெசின் நாய்க்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன. ஒன்றை நான்தான் அறுத்தேன். சிலிண்டர் பையன் கேட்ட அந்தக் கேள்விக்கே கொடுத்த காசு வசூலாகிவிட்டது.

ஆனால் கண்ட பிராணியைக் கண்ட விமானத்தோடு நிறுத்தக்கூடாது. லஃபாயெட் எஸ்காட்ரீல் என்று பிரெஞ்சுப் படைக்குள் அமெரிக்கத் தன்னார்வலர்கள் பறந்த பிரிவு ஒன்று 1916இல் தொடங்கியது. அவர்கள் பாரிஸில் ஒரு சிங்கக்குட்டியை வாங்கி விஸ்கி என்று பெயரிட்டார்கள். பின்னால் துணைக்கு வந்த பெண் குட்டி சோடா. இரண்டும் வளர்ந்து தொல்லையாகி 1917இல் பாரிஸ் உயிரியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகவே அவர்கள் ஓட்டிய நியூபோர்ட் விமானத்தோடு விஸ்கியை வைத்தால் அதன் உடம்பே தேதி சொல்லிவிடும்: கையில் தூக்கும் குட்டி என்றால் 1916, முழங்காலைத் தாண்டினால் 1917. இரண்டு குட்டிகளையும் சேர்த்து நிறுத்திவிட்டு 1916 என்று பலகை எழுதினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்.

இதைவிடப் பெரிய பிழை இரண்டாம் உலகப் போரின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் நடக்கிறது. 1943 மே மாதம் ஜெர்மன் அணைகளைத் தகர்க்கப் போன பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் படைப்பிரிவின் தலைவர் கை கிப்சனிடம் ஒரு கறுப்பு லேப்ரடார் இருந்தது. (அதன் பெயர் இன்று அச்சில் போட முடியாத இனவசவு.) அணையுடைக்கும் குண்டு வயிற்றில் மாட்டிய விமானம், பக்கத்தில் வாலாட்டும் நாய், ஏறப்போகும் வீரர்கள் என்று காட்சி அமைக்கப் பலருக்கும் ஆசை. விமானங்கள் புறப்படும் முன்பே அந்த நாய் கார் மோதி இறந்துவிட்டது. நாய் வேண்டுமென்றால் குண்டைக் கழற்றிவிட்டுப் பயிற்சி நாட்களின் காட்சியாக வையுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது ஆன்டிஸ். அதே விமானப்படையின் 311ஆம் படைப்பிரிவில் இருந்த செக் வீரர் ஒருவர் வளர்த்த அல்சேஷன் நாய். வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தில் ஏறி ஜெர்மனிக்கு மேலே பறந்தது, காயமும் பட்டது. 1949இல் விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் வாங்கியது. வெலிங்டன் 1/72 அளவிலேயே (நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) 36 சென்டிமீட்டர் அகலம் வரும் என்பதால் என் அலமாரியில் இன்னும் அதற்கு இடம் பிறக்கவில்லை.

இனி அளவு. ஐந்தடி எட்டங்குல மனிதன் 1/72இல் 24 மில்லிமீட்டர், 1/48இல் 36, 1/32இல் 54. டாங்கி கட்டுகிறவர்களின் 1/35 ஆளை 1/32 விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஐந்து மில்லிமீட்டர் குறையும். உடனே கண்ணை உறுத்தும். பிராணிகளில் இந்தத் தொல்லை இல்லை. 1/35 நாய் 1/32 விமானத்தருகே கொஞ்சம் சின்ன நாய், அவ்வளவுதான். ரயில் மாதிரிக்காரர்கள் விற்கும் 1/76 ஆடு, மாடுகளும் 1/72க்குத் தாராளமாகப் போகும். ஆனால் ரொம்பச் சின்னதற்கு ஆசைப்படாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் நியூகினியிலும் பிலிப்பைன்ஸின் லூசான் தீவிலும் அமெரிக்க விமானப்படை ஆட்களோடு திரிந்த ஸ்மோக்கி என்ற யார்க்ஷயர் டெரியர் 18 சென்டிமீட்டர் உயரம்தான். 1/48இல் அது நிற்கவைத்த உளுந்து, 1/72இல் கடுகு. கடுகுக்குக் கண் வரைய நான் முயன்றிருக்கிறேன்.

ரெசின் வேலையில் என் தொழில் எனக்குக் கைகொடுக்கிறது. ரெசின் மேல் பிளாஸ்டிக் பசை ஒட்டாது. அந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது, ரெசினை அது கரைப்பதில்லை. ஃபெவிக்விக்கோ எபாக்சியோ வேண்டும். வந்தவுடன் பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் போகாவிட்டால் பெயின்ட் உரிந்துவரும். பாதத்தடியில் இருக்கும் வார்ப்புக் கட்டையை மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும், உடைக்கக் கூடாது. ராவும்போது தண்ணீர் தொட்டு ராவுங்கள், முகமூடி போடுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வளைந்து வந்திருந்தால் வெந்நீரில் போட்டு நிமிர்த்திக் குளிர்ந்த நீரில் அமுக்கினால் நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த என் முதல் நாய் வால் முறிந்துதான் வந்தது. அனுப்பியவருக்கு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஃபியூஸ் கம்பியை வளைத்து, மேலே எம்சீல் பூசி வால் வைத்தேன். அதிலிருந்து ஒரு துணிச்சல் வந்தது: வாலே செய்கிறவன் நாயைச் செய்யக்கூடாதா?

செய்தேன். வேலூர் பழைய பஸ் நிலையத்தில் மே மாத மத்தியானத்தில் போய்ப் பாருங்கள். நிற்கிற பஸ்ஸின் நிழல் எவ்வளவோ அவ்வளவுக்குள் நாய் அடங்கிப் படுத்திருக்கும். நிழல் நகர்ந்தால் அதுவும் எழுந்து நகரும். அந்த நாயைக் கம்பியும் எபாக்சி மக்குமாக உருட்டி, சிலிக்கோனில் அச்செடுத்து, ரெசினில் வார்த்தேன். காற்றில் ஈரம் இருந்தால் ரெசின் ஈரத்தோடு சேர்ந்து நுரைக்கும், ஆகையால் நவம்பர் மழையில் வார்க்காதீர்கள். மிஞ்சும் குமிழிகளை அடக்கப் பல் லேபில் அக்ரிலிக் இறுக வைக்கும் பிரஷர் பாட் (காற்றழுத்தப் பாத்திரம்) போல ஒன்று இருந்தால் போதும். (லேப் பாத்திரத்தை நான் பயன்படுத்தவில்லை. முதலாளி இதைப் படிக்கக்கூடும்.) பெயின்ட் அடிக்க மட்டும் நம் ஊர் வெயில் எதிரி, பகலில் அக்ரிலிக் பெயின்ட் தூரிகையிலேயே காய்ந்துவிடுகிறது. டப்பா மூடியில் ஈர ஸ்பாஞ்சு, மேலே பட்டர் பேப்பர், அதில் பெயின்ட், நேரம் இரவு பத்துக்கு மேல். கறுப்பு நாய்க்குச் சுத்தக் கறுப்பு அடிக்காதீர்கள், ஓட்டை மாதிரித் தெரியும். கரும்பழுப்பு அடித்து முதுகில் சாம்பல் தடவுங்கள். மூக்கு நுனியில் மட்டும் பளபளப்பு.

அந்தத் தெருநாய் இப்போது இந்திய விமானப்படையின் நாட் விமானத்தின் இறக்கை நிழலில் தூங்குகிறது. எந்த வரலாற்றுப் புகைப்படத்தையும் பார்த்து வைத்ததல்ல, என் கற்பனை. நம் விமானப்படையில் பிராணிகளைச் சின்னங்களில் பார்க்கலாம்: முதல் படைப்பிரிவு புலி, ஐந்தாவது யானை. பக்கத்து அரக்கோணத்தின் கடற்படை விமானத்தளத்துக்கு ராஜாளி என்றே பெயர்; அங்கிருந்து 2017 வரை டியூ-142 என்ற ரஷ்யத் தயாரிப்பு ரோந்து விமானம் பறந்த பிரிவுக்குப் பெயர் ஆல்பட்ராஸ் பறவை. சோளிங்கரில் மாமா வீட்டு மொட்டைமாடியில் அந்த விமானத்தின் உறுமலைக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. 1/72இல் அதன் இறக்கை 70 சென்டிமீட்டர். மனைவியிடம் இன்னும் பேச்செடுக்கவில்லை.

உங்களுக்கு என் யோசனை: ஆளை விட்டுவிடுங்கள், முகம் வரைவது கடினம். 1/48இல் ஒரே ஒரு நாயை வாங்குங்கள். நான்கு பாதமும் தரையில் பதிய வேண்டும். ஒரு பாதம் காற்றில் நின்றாலும் பொம்மை ஆகிவிடும். பசை காயும் முன் பாதத்தைச் சுற்றி மெல்லிய மண்ணைத் தூவுங்கள்.

முக்கியமாக, நவராத்திரிக்கு முன் அலமாரியைப் பூட்டுங்கள். போன ஆண்டு அம்மா கொலு வைத்தபோது என் விஸ்கி காணாமல் போனது. அந்தக் கொலுவில் செட்டியாரும் கோயில் கோபுரமும் ஒரே உயரம், அங்கே அளவுக் கணக்கெல்லாம் பேச முடியாது. தேடினால் துர்க்கை காலடியில், குங்குமம் வைத்துக்கொண்டு நின்றது. "அம்மனுக்கு வாகனம் இல்லாமல் இருந்ததுடா, இருக்கட்டும்" என்றார் அம்மா. பொம்மைப் பெட்டியோடு அது பரண் ஏறிவிட்டது. நியூபோர்ட் பக்கத்தில் அதன் இடத்தில் இப்போது சோடா நிற்கிறது. பலகையில் 1916 என்றிருந்ததை 1917 என்று மாற்றி எழுதிவிட்டேன்.