டேகில் மைனஸ் முப்பது என்று போட்டால் போதுமா?

தில்லியில் பனிமழை கிடையாது. ஆனால் தீபாவளி கழிந்ததிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் பனியைப் பற்றித்தான். பிள்ளைகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள், சிலருக்கு இமாச்சலில் வீடு இருக்கிறது. பொருள் வாங்குவது மட்டும் கரோல் பாக்கிலும் ஜன்பத்திலும். அதனால் இந்த முறை பனி தள்ளுவதும் அதற்காக வாங்குவதும் மட்டுமே.

கேள்வி: மகன் கால்கரியில் வீடு வாங்கியிருக்கிறான். ஜனவரியில் நானும் கணவரும் (வயது 66, பிரஷருக்கு மாத்திரை) மூன்று மாதம் போகிறோம். "அப்பா இருக்கும்போது டிரைவ்வே பனியை அவர் பார்த்துக்கொள்வார்" என்கிறான். ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் இங்கே மொனாஸ்ட்ரி மார்க்கெட்டிலேயே வாங்கிவிடலாமா? - வாசகி, மயூர் விஹார்

பதில்: வாங்குவது அப்புறம். முதலில் உங்கள் கணவர் பனி அள்ளும் ஷவலைத் தொட வேண்டாம். கார் இரண்டு நிற்கிற டிரைவ்வே ஆறு மீட்டருக்கு எட்டு மீட்டர் என்று வையுங்கள். அதில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால், கன மீட்டருக்கு 100 கிலோ எடையுள்ள லேசான புதுப்பனியாக இருந்தாலும், ஏறக்குறைய ஒரு டன். ஈரப்பனி என்றால் இன்னும் பல மடங்கு. போதாததற்கு, தெருவைச் சுத்தம் செய்யும் வண்டி வாசலில் ஒரு வரப்பு போல் குவித்துவிட்டுப் போகும். அது கல் மாதிரி இறுகியிருக்கும். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், அதே நேரத்தில் கையால் பாரம் தூக்கினால் இதயத்துக்குத் தாங்காத வேலை. அமெரிக்க இதயச் சங்கம் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. மகனிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். அவனால் முடியாவிட்டால் சீசனுக்கு இவ்வளவு என்று பேசி ஆள் வைத்துக்கொள்ளட்டும்.

இனி துணிமணி. அங்கே எதிரி காற்று. மைனஸ் 20 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 33 போல. மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். அதனால் உள்ளே போடுவதை இங்கே வாங்குங்கள்: தெர்மல், கம்பளி சாக்ஸ், ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா. மொனாஸ்ட்ரி மார்க்கெட்டில் இவை நன்றாகவே கிடைக்கும். மேல்கோட்டும் பூட்ஸும் அங்கே போய் வாங்குங்கள். அந்த ஊர்க் குளிருக்கென்றே விற்பது, அளவு சரியில்லையென்றால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

கையுறையையும் இங்கே வாங்காதீர்கள். ஜன்பத் நடைபாதையில் "வாட்டர்ப்ரூஃப்" என்று சொல்லித் தந்த ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு நான் மணாலிப் பக்கம் சோலாங்கில் பனியைக் கிளறினேன். சீக்கிரமே விரல் நனைந்துவிட்டது. கையை உருவியபோது உள்துணியும் கூடவே வெளியே வந்துவிட்டது. ஈர விரலோடு அதை மறுபடி உள்ளே திணிக்கவே முடியவில்லை. உள்துணி விரல் நுனியில் தைத்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும். விரல் தனித்தனியாக இருப்பதைவிட, நாலு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டனில் சூடு அதிகம் நிற்கும்.

கேள்வி: மகள் எட்மன்டனில் இருக்கிறாள். சாப்பாட்டு உப்பைப் படியில் தூவினால் பனி உருகுமா? - ஆர்.கே. புரம்

பதில்: மைனஸ் 9 வரை உருகும். அதற்குக் கீழே உப்பு வீண். கால்சியம் குளோரைடு மைனஸ் 25 வாக்கில் வரை வேலை செய்யும். அதற்கும் கீழே போனால் மணல் தூவட்டும், உருகாது, ஆனால் கால் வழுக்காது. வெந்நீர் மட்டும் ஊற்ற வேண்டாம், கண்ணாடித் தகடாக உறைந்துவிடும்.

கேள்வி: கரோல் பாக் கடையில் 7,500 ரூபாய்க்கு ஜாக்கெட் வாங்கினேன். டேகில் "-30°" என்று இருந்தது. மான்ட்ரியலில் படிக்கும் மகள் மைனஸ் 12-லேயே நடுங்கினாளாம். ஒரு வாரத்தில் வந்தவர்களிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். கடைக்காரர் பில்லைக் காட்டுகிறார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது." - முனிர்கா

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. எழுதியிருந்ததை நம்பி வாங்கியிருக்கிறீர்கள். நம்பும்படி எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த டேக் விஷயத்தில் எனக்குப் பல வருஷக் கோபம் உண்டு. மைனஸ் முப்பது என்றால் யார் அளந்தது? நிற்கிற ஆளுக்கா, ஷவல் பிடித்து வேலை செய்கிற ஆளுக்கா? எவ்வளவு நேரம்? உள்ளே என்ன போட்டிருந்தார்? காற்று இருந்ததா? மலையேறுகிறவர்கள் படுக்கும் தூங்கும் பைக்கு ஐ.எஸ்.ஓ. 23537 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. சூடேற்றிய பொம்மையை உள்ளே படுக்கவைத்து அளக்கிறார்கள். கடையில் தொங்கும் சாதாரண ஜாக்கெட்டுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அச்சகத்தில் கேட்ட எண்ணை அடித்துக் கொடுப்பார்கள். அந்த எண்ணை நம்பி ஒரு பெண் பனியில் பஸ்ஸுக்காக நிற்கிறாள். இது வெறும் விளம்பரப் பேச்சு என்று விட்டுவிடக் கூடிய விஷயம் இல்லை.

அடுத்து வாங்குகிறவர்களுக்கு: எண்ணை விடுங்கள், துணியைப் பாருங்கள். ஒற்றைத் துணியாக இருக்கும் இடத்தில் வாயை வைத்து அழுத்தி ஊதுங்கள். மறுபக்கம் உள்ளங்கையில் காற்று பட்டால் அது காற்றைத் தடுக்காது. ஜிப்புக்குப் பின்னால் மடிப்புத் துணி இருக்கிறதா, மணிக்கட்டில் இறுக்கும் பட்டை இருக்கிறதா, இடுப்புக்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். வாத்திறகு என்று சொன்னால் மென்தூவி எத்தனை சதவீதம், எத்தனை கிராம், ஃபில் பவர் (தூவி எவ்வளவு உப்பி நிற்கும் என்ற அளவு) எவ்வளவு என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

உங்களுக்குச் செய்ய வேண்டியது: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47). பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்வதும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் நியாயமற்ற வணிக முறை என்று அதில் இருக்கிறது. பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் சட்டம் மாறாது. டேகையும் பில்லையும் போட்டோ எடுத்து, அந்தக் கெடு தாண்டிவிடாமல் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. போடுங்கள். 7,500 ரூபாய்தானே என்று விடாதீர்கள்.

கேள்வி: அண்ணன் பையன் மினியாபோலிஸில் இருப்பதிலேயே விலை கூடிய ஸ்னோ ப்ளோயர் (பனியை அள்ளி வீசும் மெஷின்) வாங்கினான். ஈரப்பனியில் வாய் அடைத்துக்கொள்கிறது, கையை விட்டு எடுக்கிறான். ஒரு பின் வேறு இரண்டு தடவை உடைந்துவிட்டது. மேனுவலைத் தூக்கிப் போட்டுவிட்டான். வாரன்டி கேட்கலாமா? - பஸ்சிம் விஹார்

பதில்: கையை விடுகிறானா? இன்றைக்கே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் இறுக்கத்தில் பிளேடு ஒரு தடவை சுழலலாம், விரல் போய்விடும். அணைத்துவிட்டு, கூடவே தந்திருக்கும் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். அந்த பின் உடைவதற்கென்றே வைத்தது. கல்லோ பனிக்கட்டியோ சிக்கினால் அது உடைந்து கியர் பெட்டியைக் காப்பாற்றும். அதற்கு வாரன்டி கேட்பதில் அர்த்தமில்லை, நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளட்டும். சாதாரண போல்ட்டைப் போட வேண்டாம், அடுத்து உடைவது கியர். கராஜுக்குள் கதவை மூடிக்கொண்டு ஓட்டவும் கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும். இத்தனையும் அவன் தூக்கிப் போட்ட மேனுவலில் இருக்கும். விலையைப் பார்த்து வாங்கியவனுக்கு அதைப் புரட்ட அரை மணி கிடைக்கவில்லையா?

கேள்வி: இமாச்சலில் நார்கண்டா பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து பாட்டரி பனி தள்ளும் மெஷினுக்கு 18,000 ரூபாய் யு.பி.ஐ.-யில் கட்டினேன். வந்தது இலை ஊதும் கருவி. அந்த விளம்பரப் பக்கமே இப்போது இல்லை. - துவாரகா

பதில்: மிகவும் வருத்தமாக இருக்கிறது. இது வியாபாரத் தகராறு இல்லை, மோசடி. இப்போதே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கை மாறிப் போவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பும், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பார்சல் மேல் ஒட்டிய லேபிளைக் கிழிக்காதீர்கள். அனுப்பிய முகவரியும் கூரியர் எண்ணும் அதில்தான். வந்த கருவியையும் புகார் முடியும் வரை வைத்திருங்கள். காய்ந்த பொடிப்பனி விரற்கடை அளவு விழுந்தால் அது ஊதித் தள்ளும், அதற்கு மேல் உதவாது.

கேள்வி: மணாலியில் வாடகைக்கு எடுத்த ஸ்னோ டிரஸ் கிழிந்திருக்கிறது என்று 2,000 ரூபாய் டெபாசிட்டைத் தரவில்லை. ரசீது வாங்கவில்லை. - லஜ்பத் நகர்

பதில்: ரசீதும் இல்லை, போடும் முன்பு எடுத்த போட்டோவும் இல்லை. எதை வைத்துக் கேட்பீர்கள்?

கேள்வி: அமெரிக்காவில் பஃபலோ நகரில் இருக்கிறோம், தில்லியில் வளர்ந்தவர்கள். காற்று நாட்களில் தள்ளிய பனியெல்லாம் திரும்ப டிரைவ்வேக்கே வருகிறது. பனித் தடுப்பு வேலி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், நடும் இடம்தான் முக்கியம். வேலியைத் தாண்டியதும் காற்று வேகம் குறைந்து, பனி வேலிக்குப் பின்பக்கம் விழுந்து குவியும். டிரைவ்வே ஓரத்திலேயே நட்டால் குவியல் டிரைவ்வேயில்தான். காற்று வரும் பக்கம் நன்றாகத் தள்ளி, இடம் இருக்கும் அளவுக்கு வீட்டு எல்லையோரமாக நடுங்கள். அடைத்த பலகையைவிடப் பாதிக்குப் பாதி ஓட்டையுள்ள வலை நல்லது. அள்ளும் பனியைக் காற்று போகும் பக்கமாகவே போடுங்கள். காற்று வரும் பக்கம் குவித்தால் அந்தக் குவியலே அடுத்த வேலியாகி, பனியை உங்கள் டிரைவ்வேயில் இறக்கும். பெய்து ஓயட்டும் என்று காத்திருக்காமல் நடுநடுவே தள்ளிவிடுங்கள். தூக்காமல் தள்ளுகிற அகல ஷவலை வாங்கி, அதன் தகட்டில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் ஈரப்பனி ஒட்டாது.